டேவிட்சன் டெய்லரின் பொருத்தனை

பசுவந்தனையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே நசுங்கினாற்போல் இருப்பது டேவிட்சனின் தையல்கடை. முழுப்பேரைச் சொல்லி அவரைக் கூப்பிடுகிறவர் சர்ச்சில் போதகராக இருக்கும் சபை அய்யர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவர் டெய்லர் அண்ணாச்சி. பெரிய கைராசிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. கல்யாண ரவிக்கை என்றால் பெண்கள் சத்தங்காட்டாமல் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். ஆனால் பள்ளிக்கூட யூனிபார்ம் என்றால் சுற்றுப்பட்டி பூராவும் அவரிடம்தான் வரும்.

காரணம் இதுதான். மானத்தைப் பார்த்து விதைக்கிற ஊர். மழை ஏமாற்றிவிட்டால் அடுத்த வருஷம் புதுத்துணி கிடையாது. பிள்ளைகள் மழையைக் கேட்டுக்கொண்டா வளர்கின்றன? அதனால் டேவிட்சன் கால்சட்டையின் ஓரத்திலும் பாவாடையின் அடியிலும் தாராளமாகத் துணியை உள்ளே மடித்துவிட்டுத் தைப்பார். பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்து இறக்கிக் கொடுப்பார். துண்டுத்துணி மிஞ்சினால் அதையும் எறியமாட்டார். கத்தரியை வைக்குமுன் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவர் மாதிரி இருக்கும். கேட்டால், "வெட்டிட்டா ஒட்டாதுல்லா" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர், பிறக்காத தன் பிள்ளையின் தோலை வெட்டித் தருகிறேன் என்று ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அது நடந்த விதம் இப்படி.

அவருக்கும் ஜெயஷீலாவுக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. அவர் தைப்பார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்துப் பட்டன் கட்டுவாள். ஊர்ப்பிள்ளைகள் அத்தனைக்கும் இடுப்பளவு இருவருக்கும் மனப்பாடம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், பிறகு அவரவர் துணியில் குனிந்துகொள்வார்கள்.

வருஷப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது அவர்கள் சபையில் வழக்கம். தட்டு நிறைய அட்டைகள் கவிழ்ந்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். குடும்பத்துக்கு ஒருவர் போய் எடுக்க வேண்டும், வந்த வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குத் தந்த வாக்கு. டேவிட்சன் கைக்கு வந்தது, வயசான ஆபிரகாமிடம் உன் மனைவிக்கு ஒரு மகன் பிறப்பான் என்று சொல்லப்பட்ட வசனம். பின்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜெயஷீலா தலையைக் குனிந்துகொண்டாள்.

அட்டை எடுக்கிறவர்கள் அதை பீரோக் கண்ணாடியில் செருகிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். டேவிட்சன் அப்படிச் செய்திருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் வேதபுத்தகத்தை எடுத்து அந்த அதிகாரம் முழுவதையும் படித்தார். வினை அங்கேதான் பிடித்தது. மகன் பிறப்பான் என்ற வசனத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆண்பிள்ளைகளுக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் பண்ண வேண்டும் என்ற கட்டளையும் இருந்தது. நுனித்தோலை நீக்குகிற காரியம். முஸ்லிம் வீடுகளில் சுன்னத் என்பார்கள். சின்ன வயசில் ஓய்வுநாள் பள்ளியில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு டீச்சரிடம் கொட்டு வாங்கியவர் டேவிட்சன். அவர்கள் ஜனத்தில் தலைமுறை தலைமுறையாக அந்த வார்த்தையைச் சத்தமாக வாசிப்பார்கள், யாரும் செய்துகொண்டதில்லை.

தையல்காரர் தன் புத்திப்படி யோசித்தார். துணி கொடுக்கிறவர் அளவையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். துணியை வாங்கிக்கொண்டு உங்கள் அளவு எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மெஷின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு பொருத்தனை பண்ணினார். ஆண்டவரே, மகனைத் தாரும், எட்டாம் நாள் செய்யவேண்டியதை நான் செய்கிறேன். இதை ஜெயஷீலாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த வருஷமே அவள் முழுகாமல் இருந்தாள். ஐப்பசி மழையில், கரிசல் காலைப் பிடித்து செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் நாட்களில், மகன் பிறந்தான்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலம் டேவிட்சன் மெல்ல வாயைத் திறந்தார்.

"ஷீலா, ஒன்னு சொல்லுதேன். கோவப்படக்கூடாது."

அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பொருத்தனை யாரு பண்ணுனது?"

"நான்தான்."

"அப்ப உங்க உடம்புல செய்யுங்க."

"ஆபிரகாம் தனக்கும் செஞ்சாருல்லா. அதையும் யோசிச்சுப் பாத்தேன்" என்றார் டேவிட்சன், உண்மையாகவே.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "வேதத்துல யெப்தா பொருத்தனை பண்ணுனான். செத்தது அவனா? அவன் மக. வாக்குக் குடுக்க உங்களுக்கு வாய் இருந்துச்சு. இவனுக்கு வேண்டாம்னு சொல்ல வாய் இருக்கா?"

அவள் கேட்டது நியாயம் என்று டேவிட்சனுக்கே தெரிந்தது. அதற்காகப் பொருத்தனையை விட்டுவிடவும் முடியவில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டவர் ஆண்டவர். வாங்கிக்கொண்டு வாயைத் துடைத்துக்கொண்டு போவதா? கொடுத்தவர் திருப்பி எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? இந்தக் கடைசிக் கேள்விதான் அவரைத் தூங்கவிடாமல் பண்ணியது. பிள்ளை மூச்சு விடுகிறதா என்று மூக்கின் அருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தார்.

காலையில் சகதியில் நடந்து சபை அய்யர் தேவஆசீர்வாதத்திடம் போனார். அய்யர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம ஆளுகளுக்கு அது அவசியமில்லன்னு ஆதிச்சபையிலேயே பேசி முடிச்சாச்சு, டேவிட்சன்."

"அவசியமில்லன்னு தெரியும் அய்யரே. செஞ்சா தப்பா?"

"தப்புன்னு சொல்ல முடியாது."

"அப்ப பண்ணுன பொருத்தனை?"

அய்யர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். "ஜெபம் பண்ணுவோம்" என்றார். பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் அய்யர்மார் ஜெபம் பண்ணத்தான் செய்வார்கள். டேவிட்சனும் கண்ணை மூடிக்கொண்டார். திரும்பி வரும்போது கால் முன்னைவிடக் கனத்தது, அதில் பாதிதான் கரிசல் மண்.

கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை தோறும் திருநெல்வேலியிலிருந்து பிரேமலதா என்ற டாக்டர் வருவார், பச்சைப்பிள்ளைகளுக்கு ஆபரேஷன் பண்ணுகிறவர். எட்டாம் நாள் வியாழக்கிழமையில் விழுந்தது. இது போதாதா டேவிட்சனுக்கு? போன் பண்ணிப் பேரைப் பதிந்துவிட்டார்.

இதற்குள் இன்னொன்று நடந்தது. பிள்ளை பார்க்க வந்திருந்தவர் டேவிட்சனின் அக்காள் எஸ்தர்ராணி. ஜெபக்கூட்டத்தில் முன்வரிசை, ஊர்ச்செய்தியிலும் முன்வரிசை. ஜெயஷீலா மனசு பொறுக்காமல் பொருத்தனை விஷயத்தை மதினியிடம் கொட்டியிருந்தாள். எஸ்தர்ராணி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர், திடீரென்று கையை எடுத்துவிட்டார்.

"ஏலே டேவிட்டு. கையக் கழுவிட்டு இங்கன வா."

அவர் குரல் ரகசியம் பேசுவதுபோல் இருந்தது. டேவிட்சன் குனிந்து பார்த்தார். பிள்ளையின் நுனித்தோல் மற்றப் பிள்ளைகளுக்கு இருப்பதுபோல் சுற்றிவர மூடியிருக்கவில்லை. அடிப்பக்கம் திறந்து கிடந்தது. நுனி பாதிக்குமேல் வெளியே தெரிந்தது.

"நீ செய்யணும்னு இருந்தத கர்த்தர் வயித்துக்குள்ளயே செஞ்சு அனுப்பிட்டாருலே" என்றார் எஸ்தர்ராணி.

டேவிட்சனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. தரையில் உட்கார்ந்துவிட்டார். மெஷின் மேல் நெற்றியை வைத்துத் தான் முணுமுணுத்தது அங்கே கேட்டிருக்கிறது, யாருக்கும் தெரியாத ஒரு டெய்லரின் சொல்லைக் குறித்துவைத்து அப்படியே செய்து அனுப்பியிருக்கிறார்கள். அவர் அழுதார். வாழ்க்கையில் அவ்வளவு பயமும் அவ்வளவு சந்தோஷமும் அவருக்கு ஒன்றாக வந்ததில்லை.

விஷயம் எஸ்தர்ராணி கையில் இருக்கும்போது ஊருக்குத் தெரியத் தண்டோரா வேண்டியதில்லை. சாயங்காலத்துக்குள் சபைப் பெண்கள் வந்து பாட்டுப் பாடினார்கள். அடுத்த வீட்டு பாலம்மாள், தலையில் சுற்றிய துண்டோடு களைவெட்டிலிருந்து நேரே வந்தார். அவர் புருஷன் கருத்தையா, பாசிப்பயறு விதைத்துவிட்டு மழைக்கு மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வாசலில் நின்றபடி கும்பிட்டார். "சாமி கைவச்ச பிள்ள டெய்லரே. வரும்போதே மழையக் கூட்டிட்டு வந்திருக்கான்."

ஜெயஷீலா மட்டும் பாட்டில் சேரவில்லை. கத்தி வேண்டாம் என்று சண்டை போட்டவள் எல்லாரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளோ பாடுகிற பெண்களுக்கு நடுவே பிள்ளையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பச்சை உடம்பு, அசதி என்று டேவிட்சன் நினைத்துக்கொண்டார். ஆண்பிள்ளைகள் எப்போதும் அப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள்.

அதோடு விட்டிருந்தால் மனிதர் பிழைத்தார். ஆனால் பிள்ளைக்குத் துணி மாற்றும்போதெல்லாம் அவர் கண் அங்கேயே போனது. அடியில் இல்லாவிட்டாலும் மேல்பக்கத்தில் தோல் நிறையவே இருந்தது, கொசுவம் வைத்த மாதிரி மடிந்து திரண்டு கிடந்தது. ஆண்டவர் செய்தார் என்றால் இதை ஏன் விட்டார்? தையல்காரருக்கு இது பிடிபடவில்லை. வேலையைப் பாதியில் விடுகிறவரா அவர்? யோசித்து யோசித்துப் புதன்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார்.

"ஷீலா, அடியில அவரு செஞ்சுட்டாரு. மேல உள்ளத எனக்குன்னு விட்டிருக்காரு. எம்பங்கு அது. நாளைக்குப் போயிட்டு வந்திருவோம்."

இந்த மாதிரி ஒரு அர்த்தத்தை டேவிட்சனைத் தவிர வேறு யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஜெயஷீலா சண்டை போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் அவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. நானும் வாரேன்" என்றாள்.

"பச்ச உடம்புக்காரி நீ எங்கட்டி போற" என்று எஸ்தர்ராணி குறுக்கே விழுந்தார். அவள் கேட்கவில்லை. காலையில் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் இரண்டு பக்கமும் மழை குடித்த கரிசல் மினுமினுத்துக் கிடந்தது. பிள்ளை தூங்கியது. டேவிட்சன் வேத வசனங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டர் பிரேமலதா நடுத்தர வயசு, அதிகம் பேசாதவர். டேவிட்சன் பொருத்தனையைப் பற்றி ஆரம்பித்தார். அவர் முடிக்குமுன் ஜெயஷீலா பேசினாள்.

"டாக்டர், கத்திய எடுக்கதுக்கு முன்னால ஒன்னு பாத்துருங்க. இவன் ஒன்னுக்குப் போனா நேரா போகல. அடிவழியா வந்து கால நனைக்குது. பொறந்த எடத்துல நர்ஸம்மாவும் ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொன்னாங்க. நான்தான் யார்ட்டயும் சொல்லல."

டேவிட்சன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தன வருஷம் கழிச்சு வந்த பிள்ள" என்றாள் அவள், அவரைப் பார்க்காமலே. "கொறயோட பெத்துட்டான்னு நாலு பேரு பேசுவாங்கன்னு பயமா இருந்துச்சு. பொறவு மதினி அதையே அற்புதம்னு சொல்லிட்டாவ. எனக்கு வாய் வரல."

டாக்டர் விளக்கை இழுத்துவைத்துப் பிள்ளையைப் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு இருவரையும் உட்காரச் சொன்னார்.

"பயப்படுற விஷயம் இல்ல. நிறையப் பிள்ளைங்களுக்கு இது இருக்கு. மூத்திரத் துவாரம் நுனியில வர்றதுக்குப் பதிலா அடிப்பக்கம் திறந்திருக்கு. வயித்துல வளரும்போது அங்க சரியா மூடாம போயிருக்கு. அதனாலதான் தோலும் அடியில இல்ல. ஒரு வயசுக்கு அப்புறம் ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணிடலாம்." டேவிட்சன் பக்கம் திரும்பினார். "ஆனா சுன்னத் மட்டும் பண்ணவே கூடாது. யார் சொன்னாலும்."

"ஏன் டாக்டர்?" என்றார் டேவிட்சன்.

"மேல மடிஞ்சு நிக்குதே, அந்தத் தோல்தான் எங்களுக்கு வேணும். அதைப் பிரிச்சு, கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, எங்க குறையா இருக்கோ அங்க வச்சுத் தைப்போம். இன்னைக்கு அதை வெட்டிப் போட்டிருந்தா அவ்வளவு பொருத்தமான தோல் உடம்புல வேற எங்கயும் கிடைக்காது."

டேவிட்சனின் கை தன்னையறியாமல் தன் சட்டையின் அடி ஓரத்தைப் பிடித்து, உள்ளே மடிந்திருந்த துணியை விரல்களால் நெருடிக்கொண்டிருந்தது.

"பத்துமா டாக்டர்?"

"பத்தும். தாராளமா இருக்கு."

"அடியில இல்லாதது பூரா மேல சேந்து கெடக்கா?"

"ஆமா. இந்தக் குறையோட பிறக்கிற பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்."

"இவனுக்கு மட்டும் இல்லியா?"

"இல்லயே. நான் பார்த்த பிள்ளைங்க அநேகம் பேருக்கு இப்படித்தான்."

டாக்டர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். டேவிட்சனுக்கு அது சாதாரணமாக இல்லை. அக்காள் கண்டுபிடித்த அற்புதம் அவர் வீட்டுக்கு மட்டும் உரியதாக இருந்தது. இது அப்படியில்லை. எந்த ஊரில், எந்த ஜாதியில், எந்தச் சாமியைக் கும்பிடுகிற வயிற்றில் இந்தக் குறையோடு பிள்ளை வந்தாலும், பொருத்தனை பண்ணினாலும் பண்ணாவிட்டாலும், தைப்பதற்கு வேண்டிய துணியும் பக்கத்திலேயே மடித்துவைக்கப்பட்டு வருகிறது. பிள்ளை வளருவான், பின்னால் தேவைப்படும் என்று ஒருவர் விட்டுவைத்திருக்கிறார். டேவிட்சனும் எத்தனையோ ஆயிரம் கால்சட்டைகளுக்கு அதே வேலையைத்தான் செய்திருக்கிறார். அப்படிப்பட்டவர் அந்த மடிப்பைப் பார்த்துவிட்டு, எறியவேண்டிய மிச்சம் என்று நினைத்துக் கத்திக்குக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். வேறு யாரிடமாவது, அவசரக்கைக்காரர் யாரிடமாவது கொண்டுபோயிருந்தால் என்று நினைத்ததும் அவருக்குக் குப்பென்று வியர்த்தது.

"டாக்டர், நான் ஒரு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார். இந்த முறை முழுவதையும் சொன்னார், அட்டையிலிருந்து ஆரம்பித்து.

டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். "உங்க நம்பிக்கையைப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்னு மட்டும் சொல்றேன். ஆபரேஷன் முடிஞ்ச பிறகு அந்தத் தோல் மேல இருக்காது, கீழ தைச்சிருப்போம். அதனால பாக்குறதுக்கு சுன்னத் பண்ணின மாதிரிதான் இருக்கும்."

டேவிட்சன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அப்ப எறியதுக்குன்னு ஒன்னுமே இருக்காதா?"

"இருக்காது. எல்லாம் அவன் உடம்பிலயேதான் இருக்கும்."

ஜெயஷீலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டேவிட்சன் நாற்காலியிலிருந்து இறங்கி, டாக்டர் பதறி எழுந்திருக்க எழுந்திருக்க, தரையில் முழங்கால் போட்டுவிட்டார்.

வேனில் திரும்பும்போது அவள் கேட்டாள். "எட்டாம் நாள்னுதானே பொருத்தனை. இன்னைக்கு ஒன்னும் செய்யாமப் போறோம். உங்களுக்குப் பயமா இல்லியா?"

"இருந்துச்சு" என்றார் அவர். "இப்பம் அவருகிட்ட பயம் இல்ல. என்னைய நெனச்சாத்தான் பயமா இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஒன்றுக்குப் போகிற சமாச்சாரத்தைச் சபையில் சொல்லும்போது பெண்கள் பக்கம் தலைகள் கவிழ்ந்தன. அய்யர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. கையில் கிடைத்த அற்புதத்தைத் தம்பி இப்படிச் சந்தியில் போட்டு உடைத்துவிட்டானே என்று எஸ்தர்ராணி ஒரு மாசம் பேசவில்லை. பிறகு அவரே, அற்புதம் பெரிசாகிவிட்டது என்று ஜெபக்கூட்டத்தில் சொல்ல ஆரம்பித்தார். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு பெனோ என்று பேர் வைத்தார்கள்.

இரண்டாவது பிறந்தநாளுக்கு முன்னால் திருநெல்வேலியில் பிரேமலதா டாக்டரே ஆபரேஷன் பண்ணினார். கட்டைப் பிரித்த அன்று, எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று டேவிட்சன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தையல் இருக்கிற இடமே தெரியவில்லை. "என் கடைக்கு வந்து உக்காந்துராதீங்கம்மா, பொழப்பு போயிரும்" என்றார். டாக்டர் சிரித்ததை ஜெயஷீலா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

இந்த ஐப்பசியில் பெனோவுக்கு மூன்று வயசு நிறைகிறது. போன வாரம் கருத்தையாவின் காட்டுப்பக்கம் போயிருந்தார்கள். மழை விட்டிருந்தது. ஓடைக்கரையில் ஊர்ப்பையன்கள் ஐந்தாறு பேர் வரிசையாக நின்று, யாருடையது தூரம் போகிறது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவரை உட்கார்ந்தே பழகிய பெனோ, அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றான். கால்சட்டையை இறக்கினான்.

நேராகப் போயிற்று. முன்னால் வளைந்து விழுந்து, ஈரக் கரிசலில் சின்னக் குழி பறித்தது. போட்டியில் ஜெயித்தானா தோற்றானா என்பதை டேவிட்சன் கவனிக்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அந்த மண்ணில் நின்றுகொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

கருத்தையா பயந்துபோய்க் கிட்டே வந்தார். "என்ன டெய்லரே? முள்ளு கிள்ளு ஏறிட்டா?"

"இல்ல. சும்மா பாக்குதேன்."

"என்னத்த?"

அதை எப்படிச் சொல்வது? பிறந்ததிலிருந்து தானும் இதைத் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறார். ஒருநாளாவது அதற்காக ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகம் இல்லை. அந்த இடத்திலேயே, தனக்கு ஒன்றும் மகனுக்கு ஒன்றுமாக மெதுவாகச் சொன்னார். பெனோ கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்தான். அது அவனுக்குக் குட்டையாகிவிட்டிருந்தது. பிரித்துவிடத் துணி உள்ளே இருக்கிறது, வீட்டுக்குப் போனதும் இறக்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு டேவிட்சன் அவனைத் தூக்கிக்கொண்டார்.